அக்காவுக்கு ஒரு நாற்காலி

திங்கட்கிழமை காலை, பட்டியலில் இருபத்து மூன்று கட்டங்கள் நிரம்பியிருந்தன. இருபத்து நாலாவது காலி. விரிவுரையாளர் அதை உட்கார்ந்து பார்த்தார், எழுந்து நின்று பார்த்தார், ஜன்னல் வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வந்தும் பார்த்தார். கட்டம் காலியாகவேதான் இருந்தது.

கணினித் துறையின் கடைசி வருட மாணவர்கள் ஆறு மாதம் வகுப்பறையை விட்டுவிட்டு, ஏதாவது ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தே படிக்க வேண்டும் என்பது அவர் கொண்டுவந்த ஏற்பாடு. அதற்காக மூன்று வருடம் கூட்டத்துக்குக் கூட்டம் பேசித் தொண்டை கட்டியவர். மாணவர்கள் அவருக்கு 'இண்டஸ்ட்ரி சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஒரே ஒரு உறுத்தல்: அவர் பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட எந்த நிறுவனத்திலும் வேலை பார்த்ததில்லை. படித்த இடத்திலேயே பாடம் நடத்த ஆரம்பித்தவர். மாணவர் பெஞ்சிலிருந்து கரும்பலகைக்கு நடந்த பத்தடிதான் அவருடைய மொத்தத் தொழில் அனுபவம்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இருபத்து நாலு பேருக்கும் நிறுவனங்களின் ஒப்புதல் கடிதம் டீன் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும். ஒன்று குறைந்தாலும் பட்டியல் மொத்தமும் நிற்கும். இது டீன் போட்ட விதி. டீனுக்கு இந்த ஏற்பாடே முதலிலிருந்து பிடிக்காது.

காலிக் கட்டத்துக்கு உரியவள், வகுப்பே 'அக்கா' என்று கூப்பிடுகிற மாணவி. வகுப்பில் எல்லாருக்கும் இருபத்தொரு வயது என்றால் அவளுக்கு நாற்பது. ஏதோ காரணத்தால் பாதியில் விட்ட படிப்பை முடிக்க வந்திருந்தாள். விண்ணப்பத்தில் 'தொழில்' என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தாள். கடைசி பெஞ்சில் உட்காருவாள், போன் வந்தால் சத்தம் போடாமல் வெளியே போய்ப் பேசிவிட்டு வருவாள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கும் போல என்று அவரும் கண்டுகொள்வதில்லை.

அவளை மூன்று நிறுவனங்களுக்கு நேர்காணலுக்கு அனுப்பியிருந்தார். மூன்றுமே திருப்பி அனுப்பிவிட்டன. கடைசி நிறுவனத்து மேலாளர் போனிலேயே சலித்துக்கொண்டார். "சார், நாங்க அவங்களை இண்டர்வியூ பண்ணினோமா, அவங்க எங்களைப் பண்ணினாங்களான்னு கடைசி வரைக்கும் புரியல. எங்க சர்வர் ஏன் மாசத்துக்கு ரெண்டு தடவை படுத்துக்குதுன்னு கேக்கறாங்க. எங்களுக்கே தெரியாது."

விரிவுரையாளர் அக்காவைக் கூப்பிட்டு, பயிற்சிக்குப் போகிறவர்கள் எப்படி அடக்கமாக இருக்க வேண்டும் என்று அரை மணி நேரம் எடுத்துச் சொன்னார். இந்த வயதில் ஒரு இடம் கிடைப்பதே பெரிய விஷயம், அதைக் கேள்வி கேட்டுக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அதன் சாரம். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "சரிங்க சார்" என்றாள். போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

அப்போதுதான் அவருக்கு ஏழாவது மாடிக் கம்பெனி ஞாபகத்துக்கு வந்தது.

அந்தக் கம்பெனி ஊரிலேயே பெரிய கட்டடம் ஒன்றின் ஏழாவது மாடியில் இருந்தது. மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறவர்கள். இரண்டு மாதம் முன்பு யாரும் கேட்காமலே, 'உங்கள் மாணவர்களில் ஐந்து பேருக்கு இடம் தருகிறோம்' என்று அவர்களாகவே எழுதியிருந்தார்கள். இவர் அந்தக் கடிதத்தை நகலெடுத்துத் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, போகும்போதும் வரும்போதும் நின்று படித்தார். தானாக ஐந்து இடம் கொடுத்தவர்கள் கேட்டால் ஆறாவது ஒன்று கொடுக்க மாட்டார்களா?

உடனே கடிதம் எழுதினார். அனுப்பிய பிறகு நாற்காலியில் உட்கார முடியவில்லை. பாடம் நடத்தும்போது நடுநடுவே போனை எடுத்துப் பார்த்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிட்டு, சாப்பிடாமலே மூடினார். மாலை நாலு மணிக்குப் பதில் வந்தது. 'தங்கள் நல்லெண்ணத்துக்கு நன்றி. ஆறாவது ஆளுக்கு இடமில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' கீழே 'நிர்வாகத்துக்காக' என்று ஒரு கிறுக்கல், ஒரு முத்திரை.

செவ்வாய்க்கிழமை காலை அவர் யோசித்தார். முதல் கடிதம் விறைப்பாக இருந்துவிட்டது. மனதைத் தொடுகிற மாதிரி எழுத வேண்டும்.

தொட்டார். இந்த மாணவியின் குடும்ப நிலைமை இரங்கத்தக்கது என்று எழுதினார். அது அவருக்குத் தெரியாது. ஆனால் நாற்பது வயதில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளுக்கு வேறு என்ன நிலைமை இருக்க முடியும்? எந்த வேலையையும் கேவலமாக நினைக்க மாட்டார், தேநீர் போடச் சொன்னாலும் போடுவார், தனி நாற்காலிகூட வேண்டாம், ஓரமாக ஒரு ஸ்டூல் போட்டால் போதும் என்று முடித்தார். படித்துப் பார்த்தபோது அவருக்கே கண் கலங்கியது.

துறையின் கடிதங்களை எல்லாம் எண் போட்டு அச்சடித்து அனுப்புகிறவர் அலுவலக எழுத்தர் அம்மாள். அவருக்கு 'ரேடியோ' என்று பட்டப்பெயர். காரணம் சொல்லத் தேவையில்லை.

கம்பெனியின் பதில் மதியமே வந்துவிட்டது. 'தங்கள் கடிதம் எங்களை மிகவும் யோசிக்க வைத்தது. அந்த மாணவியைப் பற்றிப் பல புதிய செய்திகளைத் தெரிந்துகொண்டோம். ஆயினும் இடமில்லை. ஸ்டூலும் இல்லை.'

புதன்கிழமை காலை அக்கா அவருடைய அறை வாசலில் நின்றாள். ஒரு கையில் மூன்று சாப்பாட்டு டப்பா, இன்னொரு கையில் ஒரு மூட்டை.

"சார், ஒரு சந்தேகம். நேத்து சாயந்தரத்துலேருந்து வகுப்புல எல்லாரும் எனக்குச் சாப்பாடு கொண்டு வந்து குடுக்கறாங்க. ஒரு பொண்ணு பழைய போர்வை கொண்டு வந்திருக்கு. எனக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

ரேடியோ தன் கடமையைச் செய்துவிட்டிருந்தது. விரிவுரையாளர் மேசையில் இல்லாத ஒரு காகிதத்தைத் தேட ஆரம்பித்தார். பிள்ளைகள் பாசத்தில் செய்கிறார்கள், மறுத்தால் மனம் நோகும், வாங்கி வைத்துக்கொள்வதுதான் பண்பு என்று குனிந்த தலை நிமிராமல் சொன்னார்.

"வாங்கிக்கறேன் சார். ஆனா எனக்காக நீங்க இவ்வளவு அலைய வேண்டாம்னு தோணுது. நான் உங்ககிட்ட ஒரு விஷயம்…"

"நீங்க எதுவும் சொல்ல வேண்டாம்மா. உங்களுக்கு இடம் வாங்கித் தர்றது என் பொறுப்பு. நான் பார்த்துக்கறேன்."

அக்கா மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள். அவர் வாசல் வரைக்கும் வந்து அவள் போவதையே பார்த்தார். அடுத்த வேளை சோற்றுக்கு வழியில்லாதவளைப் பார்த்த மாதிரியே இருந்தது. அவர் எழுதியதை அவரே நம்பத் தொடங்கியிருந்தார்.

மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனவர் சாப்பாட்டு மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அவருடைய மனைவி ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். அரை மணி நேர இடைவேளையில் வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் மூன்றாவது சுற்று வரும்போது தட்டை நகர்த்திவிட்டு, தன் தம்பியின் கம்ப்யூட்டர் கடையில் அந்த அம்மாவைச் சேர்த்துவிட்டால் என்ன என்று கேட்டாள். மாணவரோ பொறுப்பாசிரியரோ அவர்களுடைய சொந்தக்காரர்களோ நடத்துகிற இடத்தில் பயிற்சிக்கு அனுப்பக் கூடாது என்று விதி இருக்கிறது என்றார் அவர்.

"எந்தப் புத்திசாலி எழுதின விதி?"

அவர் நாலாவது சுற்றுக்குப் போய்விட்டார்.

"அப்ப உங்க யுனிவர்சிட்டி கம்ப்யூட்டர் லேப்லயே போட்டுடுங்க. அங்க பாதி மிஷின் ஓடறதில்லைன்னு நீங்கதான தினமும் புலம்பறீங்க. உக்காந்து சரி பண்ணட்டும். இப்ப நீங்க உக்காருங்க, எனக்குத் தலை சுத்துது."

இது நல்ல யோசனையாகப் பட்டது. திரும்பிப் போனதும் இருபத்து நாலாவது கட்டத்தில் 'பல்கலைக்கழகக் கணினி ஆய்வகம்' என்று எழுதி, பட்டியலை டீனிடம் கொண்டு போனார்.

டீன் எதையும் அவசரமில்லாமல் செய்கிறவர். கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார், இருபத்து நாலு வரிகளையும் விரலால் தொட்டுப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது. முகம் மலர்ந்தது. மூன்று வருடத்தில் அந்த முகம் மலர்ந்து விரிவுரையாளர் பார்த்ததில்லை.

"இது அருமையா இருக்கே. இதைத்தான் நான் முதல்லேருந்து நினைச்சேன். ஒருத்தர் உள்ளேயே பயிற்சி எடுக்கலாம்னா, மத்த இருபத்து மூணு பேரும் எதுக்கு வெளியில போகணும்?"

முப்பது வருடத்து மதிப்பெண் பதிவேடுகள் அடித்தளத்து அறையில் தூசி படிந்து கிடக்கின்றன, அத்தனையையும் கணினியில் ஏற்ற ஆள் இல்லாமல் தவிக்கிறோம், இருபத்து நாலு பேர் ஆறு மாதம் உட்கார்ந்தால் முடிந்துவிடும் என்று டீன் விளக்கினார். விரிவுரையாளர் பட்டியலைப் பிடித்து இழுத்தார். டீன் விடவில்லை. கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது: வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் அக்காவுக்கு ஒரு வெளி நிறுவனத்தின் கடிதம் வந்தால் பழைய பட்டியல். வராவிட்டால் மொத்த வகுப்பும் அடித்தளத்துக்கு.

ரேடியோ அன்று கூடுதல் நேரம் ஒலிபரப்பியது. வியாழக்கிழமை காலை வகுப்புக்குள் நுழைந்தபோது இருபத்து மூன்று பேரும் அவரைப் பார்த்த பார்வையில் 'இண்டஸ்ட்ரி சார்' என்ற பெயரின் சாயல்கூட இல்லை. அக்கா மட்டும் வழக்கம்போல நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பெஞ்சில் யாரும் டப்பா வைத்திருக்கவில்லை.

அவர் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு அறைக்கு வந்தார். நயமாகக் கேட்டாகிவிட்டது, கெஞ்சியாகிவிட்டது, இனி அதட்ட வேண்டியதுதான். மூன்றாவது கடிதத்தில், ஆறாவது மாணவியை ஏற்காவிட்டால் மற்ற ஐந்து மாணவர்களையும் திரும்பப் பெற்றுக்கொள்வோம் என்று எழுதினார். இவ்வளவு கடுமையான வாக்கியத்தை அவர் யாருக்கும் எழுதியதில்லை. அனுப்பிவிட்டு வராந்தாவின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்தார்.

பதினோராவது நடையில் பதில் வந்தது. 'ஐந்து மாணவர்களையும் இழப்பது எங்களுக்கு மிகுந்த வருத்தம். ஆனாலும் ஆறாவது ஆளை எடுத்துக்கொள்ள எங்களால் இயலாது. தங்கள் முடிவை மதிக்கிறோம்.'

காலையில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. இப்போது ஆறு.

நாலாவது கடிதத்தை நின்றபடியே தட்டச்சு செய்தார். மூன்றாவது கடிதம் தவறுதலாக அனுப்பப்பட்டது, அதைக் கிழித்துப் போட்டுவிடவும், ஐந்து பேரையும் கைவிட வேண்டாம், ஆறாவது ஆளைப் பற்றியும் தயவுசெய்து கடைசியாக ஒரு முறை யோசிக்கவும். இதற்குப் பதிலே வரவில்லை. மாலை வரைக்கும் வரவில்லை. வீட்டில் அவர் போனை மேசையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்ததைப் பார்த்து, மனைவி அதைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அதன் பிறகு அவர் அலமாரியைச் சுற்றி நடந்தார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். காகிதத்தில் மறுக்கிறவர்கள் முகத்துக்கு நேரே மறுக்க முடியாது. அக்காவைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் அந்த முதலாளியின் முன்னால் நிறுத்திவிட வேண்டும்.

அக்கா முதல் தடவையாக மறுத்துப் பேசினாள். அங்கே மட்டும் வேண்டாம், வேறு எங்கேயாவது கேட்கலாம், இல்லாவிட்டால் தன் பெயரையே பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அவர் கேட்பதாக இல்லை. உங்களை விட்டுவிட்டு மற்ற இருபத்து மூன்று பேரை மட்டும் அனுப்புவதற்காக இந்த ஏற்பாட்டை நான் கொண்டுவரவில்லை என்றார். அக்கா அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

பஸ்ஸில் வழி நெடுகப் பாடம் நடந்தது. உட்காரச் சொல்லும் வரை உட்காரக் கூடாது. முதலாளி ஏதாவது ஜோக் சொன்னால் சிரிக்க வேண்டும், பலமாகச் சிரிக்கக் கூடாது. சம்பளம், சர்வர் இரண்டைப் பற்றியும் பேச்செடுக்கக் கூடாது. "பெரிய இடத்து ஆளுங்க எப்படி யோசிப்பாங்கன்னு நமக்குத் தெரியாதும்மா. நாம பணிஞ்சு போறதுதான் நல்லது" என்றார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாளோ என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது, தோள் குலுங்கியது.

கட்டட வாசலில் காவலாளி விறைப்பாக எழுந்து நின்று சல்யூட் அடித்தார். இப்படி ஒரு மரியாதையை விரிவுரையாளர் பல்கலைக்கழகத்தில் கண்டதில்லை. கம்பீரமாக ஒரு சல்யூட்டைத் திருப்பி அடித்துவிட்டு உள்ளே போனார்.

லிஃப்ட் பழுது. படிக்கட்டு எந்தப் பக்கம் என்று அவர் தேடுவதற்குள் அக்கா ஏற ஆரம்பித்திருந்தாள். நாலாவது மாடியில் அவருக்கு மூச்சு வாங்கியது. ஐந்தாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நின்றது படி ஏறிய களைப்பால் மட்டும் இல்லை என்பது அவருக்கே தெரிந்தது.

"உங்களுக்குப் பயமா இருக்கும்மா, எனக்குத் தெரியும்" என்றார்.

"எனக்கா சார்?"

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. உண்மையைச் சொல்லிடறேன். நான் ஒரு கம்பெனியிலயும் வேலை பார்த்ததில்லை. ஒரு தடவை, இருபத்து மூணு வயசுல, ஒரு இண்டர்வியூவுக்குப் போனேன். வரவேற்புல உக்கார வச்சாங்க. என்னைக் கூப்பிடறதுக்கு முன்னாடியே எழுந்து வந்துட்டேன். அன்னைக்கு யாராவது ஒருத்தர் கூட வந்து நின்னிருந்தா, உள்ளே போயிருப்பேன். அதான் உங்க கூட வந்தேன்."

இதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அக்கா இரண்டு படி கீழே இறங்கி வந்து, அவர் கையிலிருந்த கோப்புகளை வாங்கிக்கொண்டாள்.

"சார், மேல போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லியே ஆகணும். திங்கட்கிழமையே சொல்லியிருக்கணும். அப்ப சொல்ல வாய்ப்பில்லை. அந்த ரெண்டாவது கடிதத்துக்கு அப்புறம் சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு…"

அந்தக் கடிதத்தை ரேடியோ வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். அவருக்குக் காது வரைக்கும் சூடேறியது. மன்னிப்பை எல்லாம் திரும்பிப் போகும்போது பஸ்ஸில் வைத்துக்கொள்ளலாம், மணி பத்தரை ஆகிவிட்டது என்று சொல்லி அவளை முந்திக்கொண்டு ஏறினார். மிச்சமிருந்த இரண்டு மாடியையும் நிற்காமல் ஏறினார். கண்ணாடிக் கதவுக்கு முன்னால் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். முதலாளியிடம் சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தை மனதுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். கதவைத் தள்ளினார்.

வரவேற்பு மேசையிலிருந்த பெண் சட்டென்று எழுந்து நின்றாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தார். அவள் அவரைத் தாண்டி, பின்னால் வந்த அக்காவிடம் ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினாள்.

"மேடம், அந்த யுனிவர்சிட்டி சாருக்கு, அஞ்சு பேரை அனுப்பட்டும், ஆறாவது ஆளுக்கு இடமில்லைன்னு நாலாவது தடவையும் டைப் பண்ணி வெச்சிருக்கேன். இந்தத் தடவை முதலாளின்னு நீங்களே கையெழுத்துப் போட்டுடுங்க, இல்லாட்டி அந்த மனுஷன் நேர்லயே வந்து நின்னுடுவார் போல இருக்கு."